தினசரிக் குறுக்கெழுத்து: முதல் கட்டத்திலிருந்து மறைகுறிப்பு வரை

குறுக்கெழுத்துப் புதிரில் பெரிய சுகமே, போட்ட விடை சரியா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான். இடமிருந்து வலமாக ஒரு சொல்லை எழுதுகிறோம். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து கீழாக இன்னொன்று கிடைக்கிறது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரே எழுத்து வந்தால் ஒன்றுக்கொன்று சாட்சி. வராவிட்டால் எதுவோ தப்பு, அங்கேயே தெரிந்துவிடும். பேப்பரின் மற்ற பக்கங்களில் இருப்பதெல்லாம் விலைவாசி, வழக்கு, தேர்தல் என்று நம் கையில் இல்லாத விஷயங்கள். ஒரு மூலையில் மட்டும், நாமே தொடங்கி நாமே முடித்துவிடக்கூடிய ஒரு காரியம் தினமும் வந்து சேர்கிறது. அந்த நிறைவுக்காகவே இதைப் பழகலாம்.

"எனக்கு அவ்வளவு தமிழ் தெரியாதே" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொல்வளம் போடப் போட வந்துவிடும். தொடங்குவதற்கு முறை தெரிந்தால் போதும்.

உட்காருவதற்கு முன்

பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் ஜெல் பேனா மை ஊறிப் பரவும். தப்பாகப் போட்டதை அடித்து எழுதினால் கட்டமே கண்ணுக்குத் தெரியாது. 2பி பென்சிலால் மெல்ல எழுதினால் தாள் கிழியாமல் அழிக்கலாம். பேப்பரை நான்காக மடித்து, புதிர் மட்டும் மேலே தெரியும்படி ஓர் அட்டையின் மேல் வையுங்கள். செல்போன் செயலியில் போடுகிறவர்கள், தப்பான எழுத்தை உடனுக்குடன் சிவப்பாகக் காட்டும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. அது இருந்தால் நாம் யோசிக்க வேண்டிய பாதியை இயந்திரம் யோசித்துவிடும்.

எழுத்தை எண்ணும் முறை ஒன்றுதான்: ஒரு கட்டம், ஓர் எழுத்து. உயிர்மெய் எதுவானாலும் ஒரே கட்டம். கொ, கௌ எல்லாம் கையால் எழுதும்போது இரண்டு மூன்று குறியாகத் தெரிந்தாலும் ஓர் எழுத்துதான். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம். தமிழ் என்பது மூன்று, பௌர்ணமி என்பது நான்கு.

முதல் சுற்று

எதையும் எழுதாமல் எல்லாக் குறிப்புகளையும் ஒரு முறை படியுங்கள். பலர் ஒன்றாம் எண்ணிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

இரண்டாம் முறை படிக்கும்போது சந்தேகமே இல்லாத விடைகளை மட்டும் போடுங்கள். கோடிட்ட இடம் நிரப்பும் குறிப்பு, பழமொழியின் மிச்சம், ஊர்ப்பெயர், புராணப் பாத்திரம் ஆகியவை முதலில் விழும். "இப்படியும் இருக்கலாம்" என்று தோன்றும் விடையைக் கட்டத்தில் எழுத வேண்டாம், ஓரத்தில் எழுதி வையுங்கள். கட்டத்துக்குள் போய்விட்ட தப்பான சொல் தன்னைச் சுற்றியுள்ள நான்கு நல்ல விடைகளையும் தடுத்துவிடும்.

குறிப்பின் கடைசிச் சொல்லையும் கவனியுங்கள். "கட்டியவன்" என்று முடிந்தால் விடை பெரும்பாலும் ன்-இல் முடியும். "பாடுபவர்" என்றால் ர். பன்மையில் கேட்டிருந்தால் கடைசி இரண்டு கட்டங்களில் க, ள் இருக்க வாய்ப்பு அதிகம். இயற்பெயர் வந்தால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும். சொல் தெரியாமலே ஒரு கட்டத்தை நிரப்ப இதைவிட எளிய வழி இல்லை.

ஒரு சின்னக் கட்டம் போட்டுப் பார்ப்போம்

நான்குக்கு நான்கு. அடைப்பில் உள்ளது எழுத்து எண்ணிக்கை.

இடமிருந்து வலம்
1. மதுரையை எரித்தவள் (4)
3. நடந்து முடிந்த கதை (4)

மேலிருந்து கீழ்
1. தாலி கட்டியவன் (4)
2. தவளைக்கு இதுதான் உலகம் (3)

மேலிருந்து கீழ் 1-ஐ முதலில் எடுத்தால் திண்டாட்டம்தான். கணவன், மணாளன், புருஷன், துணைவன், கொழுநன் என எல்லாமே நான்கு எழுத்து, எல்லாமே ன்-இல் முடிகின்றன. பொருளை மட்டும் வைத்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. ன் மட்டும் போட்டுவிட்டு விலகிவிடலாம். தவளைக் குறிப்பும் அப்படித்தான். குளம் மூன்று எழுத்து, குட்டை மூன்று எழுத்து, கிணறும் மூன்று எழுத்து.

இடமிருந்து வலம் 1-இல் சந்தேகம் கிடையாது: கண்ணகி. அதை எழுதியவுடன் இரண்டு கதவு திறக்கிறது. முதல் எழுத்து க, ஆகவே தாலி கட்டியவர்களில் கணவன் மட்டும் மிஞ்சுகிறார். கடைசி எழுத்து கி, அதனால் குளமும் குட்டையும் வெளியே போய்விட்டன, கிணறு நிற்கிறது. இப்போது மூன்றாம் வரியைப் பாருங்கள். கணவனின் மூன்றாம் எழுத்து வ அதற்கு முதல் எழுத்து. கிணற்றின் று அதற்குக் கடைசி எழுத்து. வ, இரண்டு காலி, று. நடந்து முடிந்த கதை. வரலாறு!

க ண் ண கி
ண ■ ■ ண
வ ர லா று
ன் ■ ■ ■

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே ஒரு உறுதியான விடை மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு வந்த விதம். தமிழில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆங்கிலக் கட்டத்தில் சந்திக்கும் எழுத்து 26-இல் ஒன்று. நமக்கு 247-இல் ஒன்று. கி என்று ஓர் எழுத்து கிடைத்தால் மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. தமிழ்ப் புதிரில் பாதி சொல் தெரிந்தவரும் முழுக் கட்டத்தை நிரப்ப முடிவது இதனால்தான்.

புள்ளி எழுத்து சொல்லும் சேதி

பள்ளிக்கூடத்தில் மெய்ம்மயக்கம் (எந்த மெய்க்குப் பின்னால் எந்த எழுத்து வரும் என்ற இலக்கணம்) என்று மனப்பாடம் செய்து மறந்துபோன பாடம் இங்கே தினமும் சோறு போடும். இந்த நாலைந்து விதிகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

க், ச், த், ப் ஆகிய நான்கும் தமிழ்ச் சொல்லுக்குள் தன் வரிசைக்கு முன்னால்தான் வரும். ஒரு கட்டத்தில் த் விழுந்தால் அடுத்தது த, தா, தி, து என்று அந்த வரிசையில் ஒன்று. பக்தி, சக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு. ங் வந்தால் அடுத்தது க வரிசை. ந் வந்தால் பெரும்பாலும் த, ஞ் வந்தால் பெரும்பாலும் ச. ட் கொஞ்சம் தாராளம்: பாட்டு, காட்சி, வெட்கம், நட்பு என நான்கு பக்கமும் போகும். ற்-உம் அப்படியே.

இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வருவது தெரிந்தால் முதலாவது ய், ர், ழ் ஆகியவற்றில் ஒன்று. காய்ச்சல், பார்த்தான், வாழ்த்து. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. மூன்றே எழுத்துக்குள் தேடல் அடங்கிவிடுகிறது.

ண, ழ, ள, ற, ன வரிசைகள் சொல்லின் முதலில் வரவே வராது. கட்டத்தில் ஒரு சொல்லின் தொடக்கம் ளா என்று விழுந்தால் யோசிக்கவே வேண்டாம், குறுக்கே போட்ட விடை தப்பு. ர, ல, ட அப்படி இல்லை. ரயிலும் லட்டும் டீயும் புதிருக்குள் சகஜமாக வரும். அதேபோல் தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. கடைசியில் ட் வந்தால் டிக்கெட் மாதிரி வந்தேறிச் சொல்லைத் தேடுங்கள்.

திசை மாறும் விடைகள்

தமிழ்ப் பத்திரிகைப் புதிர்களுக்கே உரிய ஒரு வழக்கம் இருக்கிறது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் இருக்கும். சில குறிப்புகளின் ஓரத்தில் "திரும்பியுள்ளது", "குழம்பியுள்ளது" என்று போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் விடையைத் தலைகீழாகவோ கலைத்தோ எழுத வேண்டும். குழம்பிய விடையைப் பொருளை வைத்துக் கண்டுபிடித்தாலும் எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் என்று தெரியாது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள், குறுக்குச் சொற்கள் வந்து இடம் சொல்லும். கட்டம் அமைப்பவருக்கு இது வசதி என்பதால்தான் இந்த வழக்கம் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல கட்டத்தில் இது ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

கொஞ்சம் பழைய கதை

இந்த விளையாட்டு பிறந்தது நியூயார்க்கில். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' ஞாயிறு இதழில் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். 1930-களில் ஆனந்த விகடன் போன்ற தமிழ் இதழ்களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் வந்தன. அந்தக் காலத்துப் பரிசுப் போட்டிகள் பலவற்றில் ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும், நடத்துகிறவர் உறையில் வைத்திருப்பது எது என்று ஊகிக்க வேண்டும். கட்டணம் கட்டி ஊகிப்பது சூதாட்டமாகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, 1955-இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. மாதத்துக்கு மொத்தப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு போட்டிக்கு 2000 விண்ணப்பங்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பெரிய பரிசுப் பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு குறிப்புக்கு ஒரே விடை, அதைக் கட்டமே உறுதி செய்ய வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

மறைகுறிப்பு: இன்னொரு உலகம்

நேரடிப் புதிர் கை வந்த பிறகு மறைகுறிப்புப் பக்கம் வாருங்கள். இங்கே குறிப்பு ஒரு சாதாரண வாக்கியம் போலத் தெரியும். உண்மையில் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள். மீதியில் அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேரும்போது பக்கத்தில் குறுக்குச் சொல்லே இல்லாவிட்டாலும் விடை சரி என்று அடித்துச் சொல்லலாம்.

*நகரம் குழம்பினால் பாவிகள் போகும் இடம் (4)*

"பாவிகள் போகும் இடம்" நேர்ப்பொருள். "குழம்பினால்" என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சாடை. ந, க, ர, ம் கலைந்தால் நரகம். கலங்கி, சிதறி, புரண்டு, கலைந்து என்ற சொற்கள் எங்கே வந்தாலும் பக்கத்துச் சொல்லைச் சந்தேகப்படுங்கள்.

*சிவா திரும்பினால் படி (2)*

சிவா திரும்பினால் வாசி. படி என்றவுடன் மாடிப்படியும் அரிசி அளக்கும் படியும் நினைவுக்கு வரும், அப்படி வர வேண்டும் என்றுதான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். குறிப்பில் ஒரு சொல் பெயராகத் தோன்றினால் வினையாக, வினையாகத் தோன்றினால் பெயராக ஒரு முறை படித்துப் பாருங்கள்.

*பாவம் புரிந்தவனுக்குள் ஒளிந்திருக்கும் வீண் சண்டை (3)*

இது ஒளிவுக் குறிப்பு. பாவம், புரிந்தவன் இரண்டையும் ஒட்டிப் படியுங்கள். பாவம்புரிந்தவன். விடை வம்பு. குறிப்பு வளவளவென்று நீண்டு, விடை சின்னதாக இருந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். கண்ணெதிரே இருந்தும் தெரியாமல் போனதைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் வேறு எந்த வகையிலும் கிடைக்காது.

*தலையை இழந்த குதிரையைக் கடலில் பார்க்கலாம் (2)*

குதிரையின் தலை கு. அது போனால் திரை, அதாவது அலை. தலை, முகம், ஆரம்பம் என்றால் முதல் எழுத்து. கால், வால், கடை, முடிவு என்றால் கடைசி எழுத்து. இடை, வயிறு என்றால் நடு.

*கதைக்கு நடுவே விழா ஆரம்பம், பாரதி தந்தது (3)*

விழாவின் ஆரம்பம் வி. கதைக்கு நடுவே வி வைத்தால் கவிதை.

*செய்யுளை வை, பொம்மை கிடைக்கும் (2)*

செய்யுள் என்றால் பா. அதோடு வை. பாவை. இதில் தந்திரமே, "வை" குறிப்பில் அப்படியே நிற்பதுதான். நாம் வேறு சொல்லாக மாற்ற முயன்று தடுமாறுவோம்.

*ஓடும் எண் (2)*

ஆறு. இரண்டே சொல்லில் இரண்டு பொருள். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் சிலேடை பாடிய மொழி இது, இந்த வகைக் குறிப்புக்குத் தமிழில் பஞ்சமே வராது.

மறைகுறிப்பு முறை இங்கிலாந்தில் வளர்ந்தது. எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ் என்ற கவிஞர் 1926 முதல் 1939-இல் இறக்கும் வரை 'அப்சர்வர்' இதழில் இதை அமைத்து வந்தார். ஸ்பெயின் நாட்டு மத விசாரணைத் தலைவரான டார்க்கமாடாவின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். சென்னையில் 'தி ஹிந்து' ஆங்கில நாளிதழ் வழியாக இது பல வீடுகளுக்குள் நுழைந்தது. இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரும் செங்கல்பட்டில் பிறந்தவருமான வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி, ஓய்வுக்குப் பிறகு அந்த நாளிதழுக்குப் புதிர் அமைத்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

முறை வெளியிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் இந்த விளையாட்டுகளுக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் உண்டு. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவி (எழுத்தை வைத்து விளையாடும் பாட்டு) வகைகளில் மாலைமாற்று இருக்கிறது, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் பாட்டு. சம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். கரந்துறைச் செய்யுள் என்பது ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளித்து வைப்பது. மாத்திரைச் சுருக்கம் என்றால் நெடிலைக் குறிலாக்கி வேறு சொல் எடுப்பது. அதை வைத்து இன்றைக்கு ஒரு குறிப்பு எழுதலாம்: *காலைக் குறுக்கினால் சிலை வடிக்கலாம் (2)*. கால் குறுகினால் கல். மாலைமாற்றுக்கு ஒன்று: *காவிரி பிறக்கும் இடம், எப்படிப் படித்தாலும் மாறாது (3)*. குடகு. ஆங்கிலத்தில் இப்படி நெடிலைக் குறுக்கி விளையாட வழியில்லை. தமிழில் மறைகுறிப்பு எழுதுகிறவர்கள் இந்தப் பழைய வகைகளை இன்னும் நிறையப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

மாட்டிக்கொண்டால்

இரண்டு மூன்று கட்டங்கள் மட்டும் மிச்சமிருந்து ஒரே இடத்தையே பத்து நிமிஷம் முறைத்துக்கொண்டிருந்தால் மூடி வைத்துவிடுங்கள். மாலையில் எடுத்துப் பார்த்தால் பல நேரம் விடை உடனே வந்துவிடும். காலையில் ஒரு தப்பான பொருளைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்திருப்போம், இடைவெளியில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது.

அப்படியும் வராவிட்டால், உறுதி என்று போட்டவற்றில் எது பலவீனம் என்று பாருங்கள். ஒரே ஒரு குறுக்குச் சொல்லை மட்டும் நம்பி நிற்கும் விடையை அழித்துவிட்டு மறுபடி யோசியுங்கள்.

வீட்டில் இருப்பவர்களைக் கேட்பதில் தவறே இல்லை. மகாபாரதத்துப் பெயரெல்லாம் பாட்டிக்குத் தெரியும், கிரிக்கெட் வீரர் பெயர் பையனுக்குத் தெரியும். கேட்கும் முறை மட்டும் முக்கியம். "நாலெழுத்து, மூணாவது ரா" என்று கட்டத்தோடு கேளுங்கள், அவர்களும் விளையாட்டுக்குள் வந்துவிடுவார்கள். அகராதியை மட்டும் விடை போட்ட பிறகு எடுப்பது என் பழக்கம். எழுத்தெல்லாம் பொருந்தி ஒரு புதுச் சொல் வந்து நிற்கும்போது, அப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்க சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே கிடைக்கிறது. இன்றைய வழக்குக்குக் க்ரியா அகராதி.

மறுநாள் விடை வந்ததும் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். வராமல் போன ஒவ்வொரு குறிப்பையும் விடையோடு சேர்த்து இன்னொரு முறை படியுங்கள். அந்தப் புதிர் அமைப்பவரின் புத்தி எப்படி ஓடுகிறது என்று பிடிபட ஆரம்பிக்கும்.

சொல் சேமிப்பு

சின்ன நோட்டு ஒன்று போதும். முதலில் ஓரெழுத்துச் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். நன்னூல் 42 கொடுக்கிறது. ஆ பசு, கா சோலை, கோ அரசன், சே எருது, நா நாக்கு, மா மரமும் விலங்கும், பா பாட்டு. மறைகுறிப்பு எழுதுகிறவர்கள் இவற்றை விடவே மாட்டார்கள். அடுத்து, பல பொருள் தரும் சொற்கள். ஆழி என்றால் கடல், மோதிரம், சக்கரம். வேழம் என்றால் யானை, கரும்பு, மூங்கில். இப்படி ஒரு சொல் புதிரில் வந்ததும் வந்த பொருளோடு மற்ற பொருளையும் சேர்த்து எழுதி வையுங்கள். புத்தகத்தில் பட்டியலாகப் படித்த சொல் மறந்துபோகும். கட்டத்தில் மல்லுக்கட்டிப் பிடித்த சொல் மறக்காது.

நீங்களும் ஒன்று அமைத்துப் பாருங்கள்

குறிப்புகளை உள்ளிருந்து புரிந்துகொள்ள இதைவிட வேகமான வழி தெரியவில்லை. மேலே போட்டது போல நான்குக்கு நான்கு கட்டம் போதும். முதல் வரியில் ஒரு நான்கெழுத்துச் சொல். அதன் முதல் எழுத்திலிருந்தும் கடைசி எழுத்திலிருந்தும் கீழே இறங்கும் இரண்டு சொற்கள். அந்த இரண்டையும் மூன்றாம் வரியில் இணைக்கும் ஒரு சொல். இடப்பக்கம் கீழே இறங்கும் சொல்லின் மூன்றாம் எழுத்து புள்ளி எழுத்தாக இருந்தால் மூன்றாம் வரி தொடங்கவே முடியாது, ஆகவே அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்புகளை எழுதியதும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். எந்த இடத்தில் அவர் இரண்டு விடைக்கு நடுவே நிற்கிறாரோ அந்தக் குறிப்பைத் திருத்த வேண்டும்.

கை பழக இரண்டு குறிப்புகள். விடையை நான் சொல்லப் போவதில்லை, தேவையான சாடை எல்லாம் மேலேயே இருக்கிறது.

*திருப்பினாலும் மாறாத ஜோசியரின் பாடநூல் (3)*

*மரத்துக்குள் கத்தியின் முதல், பொங்கலன்று சூரியன் புகும் வீடு (4)*